முதல் சொல்லைத் தின்னும் செட்

அக்கா மகன் போன மாதம் வளைகுடாவுக்குப் போயிருக்கிறான். விமான நிலையத்துக்குள் பயணிகள் பஸ் ஓட்டும் வேலை. 2007ல் நான் போனதும் இதே வேலைக்குத்தான், நாடு மட்டும் வேறு. போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான்.

“மாமா, வண்டியில ஒரு வயர்லெஸ் செட் மாட்டியிருக்காங்க. பட்டனை அமுக்கினா டிடிட்னு ஒரு சத்தம் வருது. சில சமயம் டொய்ங்னு முறைக்கிற மாதிரி இன்னொரு சத்தம். நான் பேசறதுல பாதிதான் அங்க கேக்குதாம். மைக் ரிப்பேர்னு எழுதிக் குடுத்துரவா?”

“எழுதிக் குடுத்து மானத்தை வாங்காதடா,” என்றேன்.

மைக்கில் கோளாறு எதுவும் இருக்காது. டிடிட் வருவதற்கு முன்பே பேசுகிறான். நானும் அப்படித்தான் பேசினேன். ஒரு பஸ்ஸின் பின்விளக்கு உடைந்து விசாரணை வரை போனது. போனில் அவனிடம் பாதி சொன்னேன், நடுவில் தூங்கிவிட்டான் என்று நினைக்கிறேன். மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். செட்டில் பேசுகிற வேலைக்குப் போகும் மற்ற பிள்ளைகளுக்கும் உதவட்டும்.

2002ல் சென்னையில் கால் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். மாருதி ஆம்னி. அப்போது செல்போனில் நமக்கு வருகிற அழைப்புக்கும் காசு போகும். 2003 மே மாதத்தில்தான் இன்கமிங் இலவசமானது. ஐம்பது வண்டிகளை ஓர் அறையில் உட்கார்ந்து மேய்க்க வேண்டுமானால் வயர்லெஸ்தான் வழி. டேஷ்போர்டுக்குக் கீழே செங்கல் அளவில் ஒரு பெட்டி, சுருள் வயரில் மைக், கூரையில் அரை மீட்டர் கம்பி. அந்த அரை மீட்டருக்குக் கணக்கு உண்டு. எங்கள் செட் வேலை செய்தது 150 மெகாஹெர்ட்ஸ் பக்கம். அந்த அலையின் நீளம் 2 மீட்டர், அதில் கால் பங்கு கம்பி. வேப்பமரக் கிளையில் மாட்டி கம்பி ஒடிந்தபோது ஒருவர் சைக்கிள் போக்ஸ் கம்பியைச் செருகி ஓட்டினார். பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டது.

அது சாதாரண சேனல். கன்வென்ஷனல் என்பார்கள். சேனல் ஒன்று என்று குமிழைத் திருப்பினால் செட்டுக்கு இரண்டு அலைவரிசைகள், அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று. அண்ணா சாலையில் உயரமான ஒரு கட்டடத்தின் மொட்டைமாடியில் ரிப்பீட்டர் இருந்தது. நாம் அனுப்புவதை அது வாங்கி, அந்த நொடியிலேயே மற்ற அலைவரிசையில் உரக்கத் திருப்பிச் சொல்லும். அம்பத்தூரில் நிற்பவர் பேசுவது திருவான்மியூரில் கேட்கும். திரிசூலம் மலைக்குப் பின்னால் பல்லாவரம் பக்கம் போனால் கரகரக்கும். ஸ்பென்சர் பிளாசாவின் கீழ்த்தள பார்க்கிங்கில் மூச்சே இருக்காது.

இங்கே யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அமுக்கினால் சேனல் உங்களுடையது. இன்னொருவரும் அமுக்கினால் அவருடையதும்தான். போலீஸ்காரர் இல்லாத நாற்சந்தி மாதிரி, பார்த்து, விட்டுக்கொடுத்து, அப்புறம்தான் நுழைய வேண்டும்.

அப்படிப் பார்ப்பதற்கு மைக்கின் கொக்கியிலேயே ஓர் ஏற்பாடு இருந்தது. எங்கள் அலைவரிசையில் வேறு ஒரு கம்பெனி வண்டிகளும் பேசிக்கொண்டிருந்தன. ஆனால் எங்களுக்கு அது கேட்காது. ஒவ்வொரு கம்பெனி செட்டும் பேச்சோடு சேர்த்து அடியில் ஒரு தொனியையும் அனுப்பும், 88.5 ஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் என்று காதுக்குப் பிடிபடாத அளவில். தன் தொனியைக் கேட்டால்தான் செட் ஸ்பீக்கரைத் திறக்கும். மற்றவன் பேசும்போது நமக்கு நிசப்தம். நிசப்தம் என்று நம்பி அமுக்கினால் இரண்டு பேச்சும் நாசம். இதற்காகத்தான், மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்தவுடன் செட் அந்தத் தொனிக் கட்டுப்பாட்டை விட்டுவிடும். யார் பேசினாலும் கேட்கும். எடு, ஒரு நொடி காது கொடு, அப்புறம் அமுக்கு. இந்த வரிசையை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

என் வண்டியில் கொக்கி உடைந்திருந்தது. மைக்கை கியர் லீவரில் சுற்றி வைத்திருப்பேன். செட்டைப் பொறுத்தவரை மைக் எப்போதும் என் கையில். அதனால் யாரோ கூரியர்காரர்கள் பேசுவது நாள் முழுக்க என் வண்டியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவருக்குச் சர்க்கரை நோய், அவர் என்னென்ன சாப்பிடக் கூடாது என்பதுவரை எனக்குத் தெரியும். செட் கெட்டுவிட்டது என்று ரேடியோ மெக்கானிக்கிடம் போனேன். அவர் செட்டைத் தொடவே இல்லை. டேஷ்போர்டில் புதுக் கொக்கி ஒன்றைத் திருகி, மைக்கை அதில் மாட்டிவிட்டு, “இருபது ரூபா குடுங்க” என்றார்.

எங்கள் வண்டிகளிலேயே இரண்டு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டால்? எஃப்எம் முறையில் பலமான சிக்னல் மற்றதை விழுங்கிவிடும். ரிப்பீட்டருக்குப் பக்கத்தில் ஆயிரம் விளக்கில் நிற்கிறவர் ஜெயிப்பார், தாம்பரத்தில் நிற்கிறவர் தோற்பார். தோற்றது தோற்றவருக்குத் தெரியாது, பேசிக்கொண்டிருக்கும்போது இந்தச் செட்டில் கேட்க முடியாதே. தாம்பரம் வண்டிக்காரர் ஒருவர், கண்ட்ரோல் மேடம் வேண்டுமென்றே தனக்கு ட்ரிப் தருவதில்லை என்று ஒரு மாதம் உம்மென்று திரிந்தார்.

இன்னொரு நாள் ஒருவர் மைக்கை சீட்டில் போட்டு அதன் மேல் டிபன் பையை வைத்துவிட்டார். பட்டன் அமுங்கியபடியே நின்றுவிட்டது. அவரும் இன்னொரு டிரைவரும் வண்டிக்குள் உட்கார்ந்து முதலாளி பிடிக்கும் கமிஷனை அக்குவேறு ஆணிவேறாக அலசினார்கள். நாற்பது நிமிஷம். எல்லா வண்டியிலும் நேரடி ஒலிபரப்பு. கண்ட்ரோல் ரூமில் முதலாளியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவும் வழியில்லை, அவர் செட் அனுப்பிக்கொண்டிருக்கிறது, அதன் காது அடைத்திருக்கிறது. 60 நொடி ஆனால் தானாகத் துண்டிக்கும் டைமர் அந்தச் செட்டுகளிலேயே உண்டு. யாரும் அதைப் போட்டுவைக்கவில்லை. மறுநாள் வண்டிகளை வரிசையாக நிறுத்திப் போட்டார்கள். கமிஷனும் கொஞ்சம் குறைந்தது.

இவ்வளவு கூச்சலுக்கு நடுவில்தான் எனக்கு ஊர் பழகியது. கோவில்பட்டியிலிருந்து வந்தவனுக்கு சைதாப்பேட்டைக்கும் சைதன்யா அபார்ட்மெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. யாரோ யாருக்கோ சொல்வது காதில் விழுந்து விழுந்தே மனப்பாடமானது. கத்திப்பாரா நகரவே இல்லை. துரைசாமி சப்வேயில தண்ணி நிக்குது. பாண்டி பஜார் ஒன்வே மாத்திட்டான். எனக்குச் சொன்னதில்லை, ஆனால் எனக்கும்தான்.

பேச்சு முறையும் தானாக அமைந்தது. எண்ணைத் தமிழில் சொல்ல மாட்டோம். கரகரப்பில் பதினேழும் பதினெட்டும் ஒன்றுபோலக் கேட்கும், அதனால் ‘ஒன் செவன்’, ‘ஒன் எய்ட்’. யார் பேசத் தொடங்கினாலும் முதல் வார்த்தை ‘அண்ணே’ அல்லது ‘மேடம்’. “மேடம், ஒன் செவன், அடையாறு டிப்போ காலி மேடம்.” மேடத்தில் தொடங்கி மேடத்தில் முடியும். அதன் அருமை எனக்கு ஏழு வருஷம் கழித்து, கடல் தாண்டித்தான் புரிந்தது. அதற்கு வருகிறேன்.

ராத்திரி ஷிப்ட்டில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். நல்ல மனுஷர், கட்டைவிரல் மட்டும் அவசரக்காரர். வாக்கியம் முடியும் முன்பே பட்டனை விட்டுவிடுவார். ஒரு நாள் விடிகாலை மூன்றரைக்கு அவர் சொன்னது எங்களுக்கு இப்படிக் கேட்டது: “லஸ் கார்னர் பார்ட்டியை எடுக்க...” டக். அவ்வளவுதான்.

எடுக்கணுமா? எடுக்க வேண்டாமா? தமிழில் அந்த ‘எடுக்க’ வரைக்கும் இரண்டும் ஒன்றுதான். மயிலாப்பூர் சுற்றுவட்டாரத்தில் இருந்த மூன்று பேர் எடுக்கணும் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டோம். லஸ்ஸில் ஒரு வீட்டு வாசலில் மூன்று ஆம்னி. உள்ளே இருந்து லுங்கியோடு வந்த பெரியவர், “ரயில் கேன்சல்னு ஒரு மணி நேரம் முன்னாலயே போன் பண்ணிச் சொல்லிட்டேனேப்பா,” என்றார். பாவம், எங்களுக்குக் காபி வேறு போடச் சொன்னார்.

சரி, வளைகுடா. விமான நிலையத்தின் பெயர் வேண்டாம். உள்ளே ஓட்டிய பஸ் ஏறக்குறைய 14 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், வெளி ரோட்டில் ஓட முடியாத ஜந்து. அதில் இருந்த செட் டெட்ரா என்ற முறை. ஐரோப்பாவில் 1990களில் உருவாக்கிய டிஜிட்டல் டிரங்கிங். திரையில் சேனல் எண்ணுக்குப் பதிலாக ‘ரேம்ப் பஸ்’ என்று குழுவின் பெயர் வரும். குமிழைத் திருப்பினால் ‘டோயிங்’, ‘பேக்கேஜ்’, ‘கிளீனிங்’. ஒவ்வொன்றும் ஒரு சேனல் என்றுதான் முதல் ஆறு மாதம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

கல்யாண மண்டபப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கு இந்த வரிசை, பெண் வீட்டுக்கு அந்த வரிசை, ஆபீஸ்காரர்களுக்கு இன்னொன்று என்று ஒதுக்கினால் என்ன ஆகும்? ஒரு வரிசையில் இலை காய்ந்து சுருளும், இன்னொன்றில் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பார். நான் சென்னையில் ஓட்டிய செட் அந்தக் கணக்கு. டிரங்கிங் என்பது பொதுப் பந்தி. வாசலில் ஒருவர் நின்று, “எத்தனை பேர்? ரெண்டா? அந்த மூலையில போங்க” என்று அனுப்புவார். எந்த இலை என்று முன்கூட்டியே யாருக்கும் எழுதி வைக்கவில்லை. எது காலியோ அது.

டெட்ராவில் 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை நேரத்தால் நான்கு கூறு போடுகிறார்கள். எங்கள் விமான நிலையத்தின் ரேடியோ கோபுரத்தில் இரண்டு அலைவரிசைகள், ஆக எட்டுக் கூறு. அதில் ஒன்று வாசலில் நிற்கும் ஆளுக்கு, அதற்குக் கண்ட்ரோல் சேனல் என்று பெயர். மீதி ஏழில் ஏழு பேச்சுகள் ஒரே நேரத்தில் நடக்கலாம். குழுக்களோ முப்பதுக்கு மேல். ஏழு இலையில் முப்பது குடும்பம் எப்படி உட்காரும் என்று கேட்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதில்லையே. ஒருவர் பேசுவது ஐந்து நொடி, அப்புறம் பத்து நிமிஷம் சும்மா. எத்தனை வழி இருந்தால் எத்தனை பேருக்குத் தட்டுப்பாடு வராது என்ற கணக்கின் அஸ்திவாரத்தை 1909லேயே கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் இருந்த எர்லாங் என்பவர் போட்டுவிட்டார். பேச்சு நெரிசலை அளக்கும் அலகுக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

பட்டனை அமுக்கியதும் நம் குரல் போவதில்லை. முதலில் ஒரு விண்ணப்பம் போகிறது: நான் பஸ் 12, ரேம்ப் பஸ் குழுவில் பேச வேண்டும். வாசல் ஆள் காலிக் கூறு ஒன்றைப் பார்த்து, அந்தக் குழுவில் இருக்கும் எல்லா செட்டுக்கும் ‘எல்லாரும் அங்கே போங்கள்’ என்கிறார். எல்லா செட்டும் அங்கே தாவுகின்றன. அப்புறம்தான் நம் செட் டிடிட் என்கிறது. பேசலாம் என்று அர்த்தம். இவ்வளவுக்கும் ஆகும் நேரம் அரை நொடிக்கும் குறைவு. டொய்ங் என்றால் இலை காலி இல்லை, அல்லது நம் குழுவிலேயே இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். எங்கள் செட்டில் அமுக்கிய விரலை எடுக்காமல் காத்திருக்க வேண்டும். இடம் கிடைத்ததும் டிடிட் வரும். கோபத்தில் விட்டு விட்டு அமுக்கினால் ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசிக்குப் போகிறோம். குளிர்காலத்தில் பனிமூட்டம் இறங்கும் விடியற்காலைகளில் எல்லாப் பக்கமும் டொய்ங்தான். விமானம் வேறு ஊருக்குத் திரும்புகிறது, நிறுத்துமிடம் மாறுகிறது, அத்தனை குழுவுக்கும் ஒரே நேரத்தில் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. எர்லாங் கணக்கில் பனிமூட்டத்துக்கு இடம் விட்டு வாங்கியிருந்தால் இன்னொரு அலைவரிசை வாங்கியிருக்க வேண்டும். அதற்குக் காசு.

செட்டின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் அவசரப் பட்டன் ஒன்று உண்டு. அதை அமுக்கினால் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரைக்கூட எழுப்பிவிட்டு நமக்கு இலை போடுவார்கள். பதினான்கு வருஷத்தில் இரண்டு தடவை தொட்டேன். ஒன்று, விமானத்தில் பெட்டிகளை ஏற்றும் பெல்ட் லோடர் தீப்பிடித்தபோது. இன்னொன்று, துடைக்கும்போது.

இப்போது பின்விளக்கு. 2009 குளிர்காலம், அதிகாலை நாலு மணி இருக்கும். பஸ் நாலு எனக்கு முன்னால் நிற்கிறது. ஓட்டுவது ஒரு நேபாளத்துப் பையன், வந்து மூன்று மாதம். பின்னால் எடுக்கத் தயாராகிறான். அவன் கண்ணாடியில் தெரியாத மூலையில் படிக்கட்டு வண்டி ஒன்று வந்து நிற்கிறது, எனக்குத் தெரிகிறது. மைக்கை எடுத்தேன், அமுக்கினேன், கத்தினேன்: “டோன்ட் ரிவர்ஸ், பஸ் ஃபோர்!”

பையன் உடனே ரிவர்ஸ் எடுத்தான்.

படிக்கட்டு வண்டியின் மூலையில் மோதி விளக்கு நொறுங்கியது. யாருக்கும் அடி இல்லை. விமானத்தில் உரசியிருந்தால் நான் அடுத்த விமானத்திலேயே ஊருக்கு வந்திருப்பேன். விசாரணையில் பையன் சொன்னான், இவர்தான் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார் என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைப் பொய் என்றேன்.

அங்கே எல்லாப் பேச்சும் பதிவாகும். ஷிப்ட் சூப்பர்வைசர் பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். பதிவை ஓடவிட்டார். என் குரல்தான், சுத்தமாகக் கேட்டது: “ரிவர்ஸ், பஸ் ஃபோர்!” மறுபடி ஓடவிட்டார். அதேதான். டோன்ட் இல்லவே இல்லை. என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தை உலகத்தில் எங்கேயும் பதிவாகாமல் போய்விட்டது.

“நீங்க சொன்னீங்க, எனக்குத் தெரியும்,” என்றார் சூப்பர்வைசர். “செட் இடம் கேட்டுக்கிட்டு நிக்கறப்போ சொல்லிட்டீங்க. அந்த அரை செகண்ட் யாருக்கும் கேக்காது.” அப்புறம் கொஞ்சம் யோசித்து, “மலையாளத்துல கத்தியிருந்தா இடிச்சிருக்க மாட்டான், அவனுக்கு மலையாளம் தெரிஞ்சிருந்தா,” என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை நான் ரூமுக்குப் போய்ப் படுத்தபடி யோசித்தேன். உண்மைதான். ஆங்கிலத்தில் ‘கூடாது’ முதலிலேயே வந்துவிடுகிறது: டோன்ட். தலையை வெட்டினால் கட்டளை நேர் எதிராகிவிடும். நமக்கும் மலையாளத்துக்கும் ‘கூடாது’ வாலில் இருக்கிறது. எடுக்காதே, வர வேண்டாம், போகக் கூடாது. தலையை வெட்டினால் ஒன்றும் ஆகாது, வாலை வெட்டினால்தான் ஆபத்து. லஸ் கார்னரில் மூன்று ஆம்னி போய் நின்றது வாலை வெட்டியதால். இங்கே விளக்கு உடைந்தது தலையை வெட்டியதால். இந்தியில் ‘கூடாது’ என்பதற்கான ‘மத்’ வினைக்கு முன்னால் நடுவில் நிற்கும், அவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் போலிருக்கிறது.

‘அண்ணே’யின் அருமை அன்றைக்குத்தான் விளங்கியது. பழைய ரிப்பீட்டரும் முதல் அசையைத் தின்னும். தொனியைக் கேட்டு, நம் ஆள்தான் என்று நம்பி, கதவைத் திறக்க அதற்கும் கால் நொடி வேண்டும். ஆனால் சென்னையில் அது தின்றதெல்லாம் ‘அண்ணே’யும் ‘மேடம்’மும்தான். விஷயம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. மரியாதைக்காகப் போட்ட சொல் முட்டு வாங்குகிற பம்பர் மாதிரி வேலை செய்திருக்கிறது. கூப்பிடப்படுகிறவர் பெயரை முதலில், அதுவும் இரண்டு தடவை சொல்லு என்று சில ரேடியோ விதிமுறைகளில் எழுதியிருப்பதற்கும் இதுவும் ஒரு காரணமாக இருக்கும். ‘பஸ் ஃபோர், பஸ் ஃபோர்’ என்று தொடங்கியிருந்தால் செட் ஒரு பஸ் ஃபோரைத் தின்றிருக்கும், போகட்டும்.

அதற்கப்புறம் ‘டோன்ட்’ என்ற சொல்லையே செட்டில் விட்டுவிட்டேன். நிறுத்த வேண்டுமென்றால் “ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்”. மூன்று தடவை. ஒன்று போனாலும் இரண்டு மிஞ்சும், எந்த இரண்டு மிஞ்சினாலும் அர்த்தம் மாறாது. செய்யாதே என்பதைவிட எதைச் செய் என்று சொல்வது நல்லது என்று பிற்பாடு டிரெய்னிங்கிலும் சொன்னார்கள்.

அந்த டிரெய்னிங்கில் ஒரு பழைய விபத்தையும் சொல்வார்கள். 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனரீஃப் தீவு. பனிமூட்டத்தில் ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் செத்துப்போனார்கள். காரணங்கள் பல. அதில் ஒன்று ரேடியோ. கிளம்பத் தயாரான விமானத்துக்குக் கண்ட்ரோல் டவர் ‘ஓகே’ என்று தொடங்கி, ‘காத்திருங்கள், நான் கூப்பிடுகிறேன்’ என்று முடித்தது. அதே கணத்தில் ஓடுபாதையிலேயே இருந்த இன்னொரு விமானமும், நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று பேசியது. கிளம்பவிருந்தவர்கள் காதில் விழுந்தது ‘ஓகே’வும், அதற்கப்புறம் ஒரு கீச்சொலியும். விமானங்கள் பேசுவது ஏஎம் முறையில்; அங்கே இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எங்கள் ஆம்னி செட் போல ஒருவர் மற்றவரை விழுங்க மாட்டார், இரண்டும் கலந்து கீச்சிடும்.

பைலட்டுகளின் ரேடியோ இன்றைக்கும் சாதாரண சேனல்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். டிக்கெட் மொபைலில் வந்துவிட்டது, பைலட் இன்னும் கேட்டு, இடம் பார்த்து, அமுக்கிப் பேசுகிறார். எனக்கு அது பிடித்திருக்கிறது. அந்த அலைவரிசையில் எல்லோருக்கும் எல்லோரும் கேட்கிறார்கள். பின்னால் வருகிறவர் எங்கே, முன்னால் போகிறவர் எவ்வளவு மெதுவாகப் போகிறார் என்பது யாரும் சொல்லாமலே தெரிகிறது.

டிரங்கிங்கில் நான் இழந்தது அதைத்தான். டோயிங் குழுவில் விமானத்தை இழுப்பவர்கள் நிறுத்துமிடத்தை மாற்றிக்கொள்வார்கள், பஸ் குழுவில் இருக்கும் எனக்குத் தெரியாது. நூறு பேரை ஏற்றிக்கொண்டு காலி இடத்தில் போய் நிற்பேன். சரி, ஸ்கேன் போட்டால் மற்றக் குழுவும் கேட்கும் என்று போட்டேன்; டோயிங் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது என் குழுவில் என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள், கேட்கவில்லை. அதற்கும் ஒரு திட்டு. எல்லாம் ஒழுங்காக, தனித்தனி அறையாக இருக்கிறது, யார் காதிலும் தேவையில்லாதது விழுவதில்லை. ஆனால் எனக்கு ஊரைக் கற்றுத் தந்தது தேவையில்லாததுதான்.

டிஎம்ஓ விஷயமும் சொல்லிவிடுகிறேன். டெட்ரா செட்டில் கோபுரத்தை விட்டுவிட்டு, செட்டுக்குச் செட்டு நேரடியாகப் பேசும் முறை அது. சுரங்கப் பாதையில், அடித்தளத்தில் சிக்னல் இல்லாதபோது உதவும். பேக்கேஜ் சுரங்கத்தில் வேலை என்று ஒரு நாள் மாற்றினேன். வெளியே வந்ததும் திரும்ப மாற்ற மறந்துவிட்டேன். முக்கால் மணி நேரம் கண்ட்ரோலைப் பொறுத்தவரை நான் இந்த உலகத்தில் இல்லை. செட்டில் விளக்கு எரிகிறது, அமுக்கினால் சத்தமும் வருகிறது, யாரும் பதில் பேசுவதில்லை. எல்லோரும் என் மேல் கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தாம்பரம் வண்டிக்காரர் ஞாபகம் வந்தார்.

மருமகனுக்கு: மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடி. இன்ஜின் சத்தத்துக்குப் போட்டியாகக் கத்தாதே. டிஜிட்டல் செட் உன் குரலை அப்படியே அனுப்புவதில்லை, குறிப்பெடுத்து அனுப்பி அந்தப் பக்கம் மறுபடி வரைகிறது. கத்தினால் தப்பாக வரையும். ஆம்னி செட்டில் தூரம் போகப் போகக் கரகரப்பு கூடும், வெளியே போகிறோம் என்று தெரியும். இதில் அது இல்லை. கடைசி வரை சுத்தமாகக் கேட்டுவிட்டு, திடீரென்று தகர டப்பாவில் பேசுகிற மாதிரி இரண்டு வார்த்தை, அப்புறம் ஒன்றும் இல்லை. எந்த நிறுத்துமிடத்தில் அப்படி ஆகிறது என்று முதல் வாரத்திலேயே குறித்து வைத்துக்கொள். ஷிப்ட் தொடங்கும்போது திரையில் எந்தக் குழு என்று பார். முந்தின ஷிப்ட்காரர் கிளீனிங்கில் விட்டுவிட்டுப் போயிருப்பார். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொல்: ஒன் ஃபைவ், ஃபைவ் ஸீரோ. அமுக்கு, டிடிட், அப்புறம் பெயர், அப்புறம் விஷயம். விஷயம் முடிந்தபின் விரலை எடு. முடிவதற்கு முன்னால் எடுத்தால் என்ன ஆகும் என்று லஸ் கார்னர் பெரியவரைத்தான் கேட்க வேண்டும்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். “மாமா,” என்றான். சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

“மாமா, இப்ப ஒழுங்கா கேக்குதாம்.”